நட்சத்திரம் நடுங்காத அறை

ஐப்பசி 27, செவ்வாய்

பூச்சி, வந்து சேர்ந்துவிட்டேன். நீ வேலை பார்த்த மலைக்குத்தான். பஸ் வளைந்து வளைந்து ஏறியதில் இரண்டு தடவை வாந்தி. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண் எலுமிச்சம்பழம் கொடுத்தாள்.

விடுதிச் சமையலறைக்கு ஆள் வேண்டும் என்று உனக்கு ஆராய்ச்சி சொல்லிக்கொடுத்த தேவசகாயம் சார்தான் போன் செய்தார். "அந்த எடத்துலயே வந்து இருக்கிறது உங்களுக்குக் கஷ்டமா இருக்காதாம்மா?" என்று கேட்டார். "வீட்ல மட்டும் கஷ்டம் இல்லாமலா இருக்கேன் சார்" என்றேன். நல்ல மனுஷன். போன வருஷம் உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது காலில் செருப்புகூட இல்லாமல் நின்றார்.

இங்கே வெளியில் விளக்கே கிடையாது. வெளிச்சம் பட்டால் தொலைநோக்கிக்குக் கண் கூசுமாம். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி. பொழுது போனால் சுவரைத் தடவித்தான் நடக்க வேண்டும். நீயும் இப்படித்தான் நடந்தாயா?

அஞ்சாம் வகுப்போடு நின்றவள் டைரி எழுதுகிறாள் என்று சிரிக்காதே. "தெனம் நாலு வரி எழுதும்மா, எழுத்து மறந்துடும்" என்று வாங்கிக் கொடுத்தது நீ. தேதியை மட்டும் சமையலறைக் காலண்டரைப் பார்த்துப் போடுகிறேன்.

ஐப்பசி 29, வியாழன்

அந்த அறையைப் பார்த்தேன்.

சடையன் அண்ணன் கூட்டிப்போனார். இந்த மலையிலேயே பிறந்தவர், தொலைநோக்கிக் கட்டிடத்தில் உதவியாள். அன்று காலையில் உன்னை முதலில் பார்த்தவர் அவர்தான். என்னைக் கண்டதும் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார்.

தொலைநோக்கிக்கு நேர் கீழே, தரையைவிடத் தாழ்வாக, நாலு படி இறங்கினால் கீழறை. ஒரே கதவு. கம்ப்யூட்டர் மேசை, ஒரு நாற்காலி, சுவரில் ஒரு பெரிய விசிறி. மூலையில் என் மார்பு உயரத்துக்கு ஒரு எவர்சில்வர் பீப்பாய். அதன் கழுத்திலிருந்து "ஸ்ஸ்" என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருக்கிறது, தூங்குகிறவர் மூச்சு மாதிரி.

"என்னாண்ணா அது?"

"நைட்ரஜன்மா. நாம்ப இழுக்குற காத்துல முக்காவாசி இதுதான். அத்தக் குளிர வெச்சுக் குளிர வெச்சுத் தண்ணியா ஆக்கிக்கிறாங்க. மேல இருக்குற கேமராவுக்குக் காலைல சாயங்காலம் ஊத்தணும். நெருப்பு புடிக்காது, நாத்தம் கெடையாது, வெசம் கெடையாது. பச்சப் புள்ள மாதிரி."

ஒரு குவளையில் ஊற்றிக் காட்டினார். வெள்ளைப் புகை வழிந்தது. மேலே போகாமல் தரையோடு தவழ்ந்து வந்து என் கால் விரலைத் தொட்டது. அப்படி ஒரு குளிர்.

நீ படுத்திருந்த இடம் மேசைக்கும் பீப்பாய்க்கும் நடுவில். ஒரு படம் எடுத்து முடிய நேரமாகும், அதுவரை பாய் விரித்துப் படுப்பாய் என்றார். கட்டில் இருந்தாலும் உனக்குத் தரைதானே. உடம்பில் ஒரு குறையும் இல்லை, இதயம் நின்றுபோயிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். ஒரு குறையும் இல்லாத இதயம் ஏன் நிற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாரைக் கேட்பது?

ஐப்பசி 30, வெள்ளி

நீ படுத்திருந்த இடத்தில் ஓர் அகல் ஏற்றினேன். சாருக்குத் தெரியாது. "ஏத்தும்மா, யாரு கேக்கப்போறாங்க" என்றார் சடையன் அண்ணன்.

அவர் கேமராவுக்கு ஊற்றிவிட்டு வந்தார். இரண்டு பேரும் மேல்படியில் உட்கார்ந்திருந்தோம். அகலில் எண்ணெய் இருந்தது, திரி இருந்தது. கதவு சாத்தியிருந்தது, காற்று அசைவே இல்லை. சுடர் முதலில் மங்கியது. பிறகு திரியை விட்டு மேலே எழும்பினது போல் தெரிந்தது. அப்புறம் இல்லை. யாரோ கிள்ளி எடுத்துக்கொண்டது மாதிரி.

சடையன் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார். "வந்துட்டாங்கம்மா" என்றார்.

எனக்குப் பயமே வரவில்லை. வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம் நான் விளக்கேற்றுவேன், நீ பின்னால் வந்து ஊதிவிட்டு ஓடுவாய். "யாருடி ஊதுனது?" என்று கத்தினால் இருட்டுக்குள்ளிருந்து "காத்தும்மா" என்பாய். இன்றும் கேட்டேன், மெதுவாக. யாருடி ஊதுனது?

"ஸ்ஸ்" என்றது அறை.

கார்த்திகை 3, திங்கள்

உன் வேலையைத் தொடர ஒரு பெண் வந்திருக்கிறாள். நஸ்ரின், மேலப்பாளையத்துப் பிள்ளை. வந்த அன்றே "ஆன்ட்டி" என்றாள். "ஆன்ட்டின்னா பக்கத்து வீட்டுக்காரி மாதிரி இருக்குது" என்றேன். "அப்ப அம்மான்னே கூப்பிடுதேன். எங்க உம்மா கேட்டா அடிப்பா, பரவால்ல" என்றாள். வாய் நிற்காது.

மதியம் சாப்பிடும்போது கரண்டியால் துழாவினாள். "அம்மா, உங்க சாம்பார்ல பருப்பைக் கண்டுபிடிக்க எங்க கேமராவைத்தான் கொண்டாரணும்."

"கொண்டா. அது என்னத்தடி கண்டுபிடிக்குது? எம் பொண்ணு சொல்லுவா, பாதி புரியும், பாதி புரியாது."

"புதுசாப் பொறந்த நட்சத்திரத்தைச் சுத்தித் தூசி இருக்கும்மா, தட்டு மாதிரி. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. ஆனா தூசி வெதுவெதுன்னு இருக்குல்லா, அந்தச் சூட்டைத்தான் நாங்க படம் எடுக்கோம். தோசைக்கல் காஞ்சிட்டான்னு தொட்டா பாக்கீங்க? கையை மேல காட்டினாலே தெரியுதுல்லா?"

"அப்ப கேமராவுக்கு எதுக்கு அந்தக் குளிரு?"

"கேமராவே சூடா இருந்தா தன் சூட்டையே படம் எடுத்துக்கிட்டு நிக்கும்மா."

புரிந்தது. அந்தத் தூசி உருண்டு திரண்டுதான் நம் பூமி மாதிரி ஒன்று ஆகுமாம். தட்டுக்கு நடுவில் ஓர் இடைவெளி இருந்தால் அங்கே ஓர் உலகம் பிறக்கிறது என்று அர்த்தமாம். நீ எடுத்த படங்களில் அது இருப்பது மாதிரியும் இருக்கிறது, இல்லாதது மாதிரியும் இருக்கிறது என்றாள். இவள் எடுப்பதையும் சேர்த்தால்தான் உறுதியாகச் சொல்லலாமாம். அந்த நட்சத்திரம் கார்த்திகைக்கும் ரோகிணிக்கும் நடுவில் இருக்கிறது. இந்தக் குளிர்மாதங்களில்தான் நல்ல உயரத்தில் வரும். மழையோ விடுவதாக இல்லை. மேகம் விலகும் ஒன்றிரண்டு இரவுகளை நம்பித்தான் வந்திருக்கிறாள்.

சுவரில் இருக்கும் விசிறியைப் போடுவதில்லையா என்று கேட்டேன். "அது ஓடினா கட்டிடமே லேசா அதிரும்மா. மேல நட்சத்திரம் நடுங்கும். நட்சத்திரத்தை மறைச்சுட்டுத்தான் பக்கத்துல இருக்கத் தூசியைப் பாக்கணும், கொஞ்சம் நடுங்கினாலும் படம் போச்சு. சுகந்தி அக்காதான் இதைக் கண்டுபிடிச்சா. அப்ப இருந்து விசிறியைப் போடுறதே இல்ல."

உன் பேரை அவள் வாயால் கேட்டதும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றினேன்.

கார்த்திகை 4, செவ்வாய்

இன்றும் அணைத்தாய். நேற்றைவிடச் சீக்கிரம்.

கார்த்திகை 7, வெள்ளி

குளிரில் இட்லி மாவு பொங்கவே இல்லை. அடுப்புப் பக்கத்தில் போர்வை போர்த்தி வைத்திருக்கிறேன்.

காலையில் கீழறையைப் பெருக்கினேன். தரையில் விட்டில்கள் கிடந்தன, ஒரு கை நிறைய. ஒன்றுகூடச் சிறகு கருகவில்லை. மேசைக் காலடியில் ஒரு பல்லி. துடைப்பத்தால் தள்ளினேன், புரண்டது, அவ்வளவுதான். சுவரில் மேலே இருந்த பல்லிகள் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தன.

பீப்பாயின் மூச்சு பலமாகிவிட்டது. இப்போது "ஸ்ஸ்" இல்லை, "புஸ்ஸ்" என்கிறது. கழுத்தில் வெள்ளையாகப் பனி கட்டியிருக்கிறது. "மூடி சரியில்லம்மா. மழ வுட்டாத்தான் கீழருந்து ஆள் வருவாங்க" என்றார் சடையன் அண்ணன். சாரல் அடிக்கிறது என்று கதவை எந்நேரமும் சாத்தியே வைக்கிறோம்.

சாயங்காலம் படியில் உட்காராமல் கீழே உன் இடத்திலேயே உட்கார்ந்தேன். விளக்கு அணைந்த பிறகும் எழ மனசு வரவில்லை. தலை பஞ்சு மாதிரி ஆனது. முழங்கால் வலி போய்விட்டது. யாரோ தலையைக் கோதுவது மாதிரி இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. சடையன் அண்ணன் கதவைத் திறந்து கூப்பிட்டிருக்காவிட்டால் அங்கேயே சாய்ந்திருப்பேன்.

நீதானே கோதினாய்?

கார்த்திகை 9, ஞாயிறு

அகலை வைத்துவிட்டு நிமிர்வதற்குள் அணைந்துவிட்டது. இவ்வளவு அவசரமா உனக்கு?

கார்த்திகை 11, செவ்வாய்

மழையில் கரண்ட் போய்விட்டது. சமையலறை அலமாரியில் பழைய லாந்தர் ஒன்று கிடைத்தது. சாம்பல் போட்டுக் கண்ணாடியைத் துலக்கினேன்.

துலக்கும்போது எங்கள் அப்பா ஞாபகம். கிணறு தூர் வாருகிறவர். எந்த ஊருக் கிணறானாலும் முதலில் கயிற்றில் கட்டி லாந்தரைத்தான் இறக்குவார். அது அடிவரைக்கும் எரிந்தால் இவர் இறங்குவார். பாதியில் அணைந்தால் இறங்கமாட்டார். வேப்பங்கிளையைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் வீசுவார், வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுவார், மறுபடி லாந்தரை இறக்குவார். எட்டிப் பார்க்க வரும் எங்களைப் புறங்கையால் தள்ளுவார். "ஒண்ணும் தெரியாதுடி. நல்லாத்தான் இருக்கும். அதான் பயம்" என்பார்.

இது ஏன் இப்போது ஞாபகம் வர வேண்டும்?

கண்ணாடியில் ஒரு கீறல் இருக்கிறது. உருளைக்கிழங்கு தீர்ந்துவிட்டது, சொல்லி அனுப்ப வேண்டும்.

கார்த்திகை 13, வியாழன்

நஸ்ரினுக்கு முதுகுவலி. நாற்காலியில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு ஒடிந்துவிட்டதாம். "அம்மா, பாய் எதாவது இருக்கா? அங்கனயே கொஞ்சம் நீட்டி நிமிர்ந்துக்கிடுவேன்" என்றாள்.

உன் பாயைக் கொடுத்தேன். பச்சைக் கரை போட்டது, நீ பத்தமடையில் ஆசைப்பட்டு வாங்கியது. உன் சாமான்களோடு வீட்டுக்கு வந்ததை நான் பெட்டியில் சுருட்டி வைத்து இங்கேயே கொண்டுவந்திருந்தேன். "எங்க ஊர்ப் பக்கத்துப் பாய்!" என்று கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

கொடுத்ததிலிருந்து கை சும்மா இருக்கவில்லை. இரண்டு தடவை அரிசி களைந்தேன்.

கார்த்திகை 15, சனி

அமாவாசை. நீ போன திதி. கல்யாணம் ஆகாமல் போன பெண்ணுக்குப் பூவாடைப் படையல் வைக்க வேண்டும் என்றார் சடையன் அண்ணன். நம் பக்கத்திலும் உண்டுதான். புதுப் பாவாடை தாவணி வாங்கிவரச் சொல்லியிருந்தேன், மாம்பழ நிறம். வடை, கொழுக்கட்டை, பாயசம். நீ கேட்கும் கருவாட்டுக் குழம்பும் உண்டு. பொழுது சாய்ந்ததும் கீழறையில் இலை போட்டு வைத்துவிட்டுக் கதவைச் சாத்தி எல்லோரும் வெளியே நிற்க வேண்டும். நீ வந்து சாப்பிடுவாய். பாதியில் திறக்கக் கூடாது.

மழை விட்டிருக்கிறது. நஸ்ரின் காலையிலிருந்து வானத்தையே பார்த்துக்கொண்டு திரிகிறாள். "இன்னிக்குத் தொறந்துரும்மா, பாருங்க" என்கிறாள்.

கார்த்திகை 16, ஞாயிறு

எழுத முடியவில்லை.

கார்த்திகை 17, திங்கள்

இன்று எழுதுகிறேன்.

இலை போட்டு, துணி வைத்து, அகல் ஏற்றினேன். பாயசத்தை மறந்துவிட்டேன் என்று சமையலறைக்கு ஓடினேன். சடையன் அண்ணன் வெற்றிலை எடுக்கத் தன் அறைக்குப் போனார். நான் திரும்பி வருவதற்குள் அவர் வந்து கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டிருந்தார். பாயசம் கையிலேயே நின்றது. "இனி தொறக்காதம்மா. வெளக்கு அணைஞ்சி பூடுச்சி. வந்துட்டாங்க" என்றார்.

கதவோரம் உட்கார்ந்தோம். கண்ணுக்கு எதிரில் கை தெரியாத இருட்டு, மேலே மட்டும் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடந்தன. உள்ளே அந்த மூச்சு, "புஸ்ஸ்" என்று. நீ சாப்பிடுகிறாய் என்று நினைத்தேன். கால் நீட்டியபோது ஏதோ தட்டியது. கையால் எடுத்துப் பார்த்தேன். வார் அறுந்து ஊக்கு குத்திய செருப்பு. நஸ்ரினுடையது. கீழறைக்குள் தூசி போகக் கூடாது என்று அவள் வெளியில்தான் கழற்றுவாள்.

"அண்ணா, பாப்பா உள்ளயா கீது?"

"நான் சாத்துறப்ப யாரயும் காணமே. உள்ள இருட்டு. எட்டிப் பாக்கலாமா, படையலாச்சே."

கூப்பிட்டேன். பதில் இல்லை.

பூச்சி, உனக்கு மறைக்க மாட்டேன். முதலில் எனக்குத் தோன்றியது, நல்லதுதான், உனக்கு ஒரு துணை ஆயிற்று என்று.

அதற்கு அடுத்து லாந்தர் வந்தது. கண்ணுக்குள்ளே கயிற்றில் இறங்கிக்கொண்டே போய், பாதியில் அணைந்தது. அப்பாவின் புறங்கை என் நெஞ்சில் தள்ளியது.

எழுந்து தாழ்ப்பாளில் கை வைத்தேன். சடையன் அண்ணன் கையைப் பிடித்தார். "வாணாம்மா. பாதிச் சாப்பாட்டுல எழுப்பாத. கோவிச்சிக்கினு பூடும்."

"எம் பொண்ணு பசி தாங்குவா. வுடுண்ணா."

திறந்தேன். "மூச்சப் புடிச்சிக்கினு எறங்கு. உள்ள இழுக்காத" என்று அவரிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, என் குரல் அப்படி இருந்திருக்க வேண்டும். நாங்கள் இரண்டு பேரும் போயிருந்த நேரத்தில் வந்து சாய்ந்திருக்கிறாள், உன் பாயில் ஒருக்களித்துக் கிடந்தது கைக்குத் தட்டுப்பட்டது. இலை என் காலில் மிதிபட்டது, கொழுக்கட்டை நசுங்கியது. தாவணி சுற்றிக்கொண்டு இழுபட்டது. அவள் தோளை நான் பிடித்தேன், காலை அவர். மூன்றாம் படியில் எனக்குக் கண் இருட்டியது.

வாசலில் போட்டோம். கிட்டே குனிந்தபோது நட்சத்திர வெளிச்சத்தில் அவள் முகம் தெரிந்தது. சிரித்த முகம், பூச்சி. போன வருஷம் உன் முகத்திலும் அதைப் பார்த்துத்தானே "எம் பொண்ணு நிம்மதியாப் போனா" என்று எல்லோரிடமும் சொன்னேன்.

கன்னத்தில் அறைந்தேன். தாவணியைத் தண்ணீரில் நனைத்து முகத்தில் அடித்தேன். உன் பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன், சடையன் அண்ணன் பிறகு சொன்னார். இருமினாள். மூச்சு வந்தது. கண்ணைத் திறந்து நேரே மேலே பார்த்தாள்.

"மேகம் வெலகிட்டாம்மா?" என்றாள்.

நான் அழுததை விடு. இருட்டில் சடையன் அண்ணன் என் காலைத் தொட்டுத் தொட்டு அழுதார்.

கார்த்திகை 21, வெள்ளி

தேவசகாயம் சார் வந்தார். கையகல மஞ்சள் பெட்டி ஒன்று கொண்டுவந்தார். மூச்சுக்கு வேண்டிய காற்று இருக்கிறதா என்று சொல்லுமாம். வாசலில் நின்றபோது அது சும்மா இருந்தது. நூலில் கட்டிப் படி வழியாக மெதுவாக இறக்கினார். தரைக்குப் பக்கத்தில் போனதும் கத்த ஆரம்பித்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். எங்கள் அப்பா லாந்தரை இறக்கினது இதே மாதிரிதான்.

மேலே இழுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"பீப்பாயிலிருந்து கசியிற நைட்ரஜன் நல்ல காத்தை வெளிய தள்ளிடுதும்மா. குளிர்ந்த காத்து, கீழதான் தேங்கும். நாற்காலியில இருந்தவரைக்கும் நஸ்ரினுக்கு ஒண்ணும் ஆகல. படுத்த அன்னைக்கு..." நூலை விரலில் சுற்றினார். "விசிறியை நிறுத்தலாம்னு சுகந்தி கேட்டப்போ சரின்னு சொன்னது நான்தான். படம் அவ்வளவு சுத்தமா வந்துச்சு. ரெண்டு பேரும் குதிச்சோம்மா."

"அவளுக்கு இதயத்துல ஒண்ணும் இல்ல. அப்படித்தானே சார்?"

தலையை ஆட்டினார். "என்ன நடந்துச்சுன்னு எழுத்துல கொடுக்கிறேன்மா. எல்லாருக்கும். நீங்க யார்கிட்ட போகணும்னாலும் கூட வர்றேன்."

"வலிச்சிருக்குமா?"

"இல்லம்மா. தெரிஞ்சே இருக்காது."

எனக்குத் தெரியும். தலை பஞ்சு மாதிரி ஆகும். யாரோ கோதுவது மாதிரி இருக்கும். நான் அங்கே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அதைச் சாரிடம் சொல்லவில்லை.

கார்த்திகை 28, வெள்ளி

தீபம். கீழே ஊரெல்லாம் விளக்கு. இங்கே வெளியில் கூடாது, உள்ளே கறுப்புத் துணிக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டோம். பொரி உருண்டை பிடித்தேன். பாகு முற்றிவிட்டது. "பல்லு போச்சும்மா" என்று நஸ்ரின் ஐந்து தின்றாள்.

பீப்பாயைத் தூக்கி வெளியே கொட்டகையில் வைத்துவிட்டார்கள். மூடியையும் மாற்றியாயிற்று. விசிறியைக் கட்டிடத்தில் ஒட்டாமல் தனிக் கம்பத்தில் நிறுத்திக் குழாய் வழியாகக் காற்றை இழுக்கிறார்கள். இப்போது ஓடினாலும் நட்சத்திரம் நடுங்குவதில்லையாம். இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்திருக்கிறது.

நஸ்ரின் அவள் ஊருக்குப் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அவள் உம்மா வந்து இரண்டு நாள் சண்டை போட்டுவிட்டு, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். மேகம் இல்லாத மூன்று இரவுகள் கிடைத்தன. இன்று மதியம் கம்ப்யூட்டரில் கூப்பிட்டுக் காட்டினாள். உன் படங்களும் அவள் படங்களும் ஒன்றாகச் சேர்த்தது. நடுவில் மறைத்த நட்சத்திரம். சுற்றிலும் மங்கலாகத் தூசித் தட்டு. அதில் ஒரு கறுப்புக் கோடு, வளையல் மாதிரி. "இடைவெளி இருக்கும்மா. நெசமாவே இருக்கு. அக்கா பேரைத்தான் முதல்ல போடுவோம்." திரையில் அந்தக் கறுப்பின் மேல் விரல் வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லாத இடம்தான். அங்கேதான் ஏதோ பிறக்கிறது என்கிறார்கள்.

சாயங்காலம் கீழறைக்குப் போனேன். உன் இடத்தில் அகல் ஏற்றினேன். மஞ்சள் பெட்டி இப்போது சுவரில் தொங்குகிறது, சத்தம் இல்லை. மூச்சும் இல்லை, அறை வெறும் அறையாக இருக்கிறது. "இனிமே பயமில்லம்மா, பாரு எப்படி எரியுது" என்று சடையன் அண்ணன் சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். சுடர் ஆடாமல் அசையாமல் நின்றது. எண்ணெய் குறைந்தது, ஊற்றினேன். திரி கருகியது, தூண்டிவிட்டேன். கதவைச் சாத்திப் பார்த்தேன். விசிறியைக்கூட, யாருக்கும் சொல்லாதே, கொஞ்ச நேரம் நிறுத்திப் பார்த்தேன். எரிந்துகொண்டே இருக்கிறது. இதை எழுதும்போதும் எரிகிறது.

யாருடி ஊதுனது என்று கேட்கும்போதெல்லாம் காத்தும்மா என்பாயே, பூச்சி. ஒரு நாளாவது, ஒரே ஒரு தடவையாவது, ஊதினது நீதானா?